ஓலைக்குத் தடை சொன்ன பெரியம்மா

இல்லை அக்கா, மாமியார் இல்லை. பெற்ற தாயும் இல்லை. தூரத்துச் சொந்தமா என்றால் அதுவும் இல்லை. அந்தக் கட்டிலில் படுத்திருந்தாளே, அவள் எனக்கு விரோதி. சிரிக்காதீங்க. காலையில் நர்ஸம்மாவும் இப்படித்தான் சிரித்தாள். "விரோதிக்கு யாராவது மூத்திரப் பாத்திரம் பிடிப்பாங்களா?" என்று கேட்டாள். பிடிக்கிறேனே. நீங்களும்தான் பக்கத்துக் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கீங்க.

இப்போது இடுப்பு எக்ஸ்ரேக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே கூட்டமாம், வர நேரம் ஆகும். பாப்பாவும் என் மடியில் தூங்குகிறாள், அதற்குள் சொல்லிவிடுகிறேன். அவள் இங்கே இருந்தால் பேச முடியாது. நான் வாயைத் திறந்தாலே, "மெள்ளப் பேசுட்டி, மீன்கடையா இது?" என்பாள். நான் மெள்ளத்தான் பேசுவேன் அக்கா. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குச் சத்தமே வராது. கடையில் உப்பு வாங்கப் போனால்கூட எல்லாரும் வாங்கிவிட்டுப் போகட்டும் என்று ஓரமாய் நிற்கிறவள் நான். அப்படிப்பட்டவள் நேற்று பெரிய டாக்டரையே மறித்து நின்று, இவள் எந்தக் காலை முதலில் ஊன்றவேண்டும் என்று கேட்கும்படி ஆகிவிட்டது. எல்லாம் இவளால்.

இன்றைக்கு அனுப்புகிறார்கள். எங்கே அனுப்புவது என்பதுதான் இப்போது தகராறு. அவள் தனிக்கட்டை. ஒரே மகன் ஓசூரில் இருக்கிறான். போன் போட்டால், "எங்க அம்மாவோட ஒரு வாரம் இருந்து பாருங்க, அப்புறம் என்னைய ஏசுங்க" என்கிறான். எங்கள் சபைக் குருவானவர், அவரை ஐயர் என்றுதான் சொல்வோம், அவர் ஏதோ ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு வைத்திருக்கிறார். மதியத்துக்கு மேல் வேன் வரும். எங்க வீட்டுக்காரர், "அந்தப் பொம்பளை நம்ம வாசல்படி மிதிச்சான்னா நான் ஒர்க்‌ஷாப்லயே படுத்துக்கிடுவேன்" என்கிறார். ஆக, அவள் இல்லத்துக்குப் போவதில் எல்லாருக்கும் சம்மதம். எனக்கு மட்டும்தான் சம்மதம் இல்லை.

அன்பு கின்பு என்று நினைக்காதீங்க. கதையைக் கேளுங்க.

நீங்க திருநீறு பூசியிருக்கீங்க. நானும் பூசினவள்தான். முப்பிடாதி என்று பேர். அஞ்சாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். அங்கே மிஷின் ரிப்பேர் பார்க்க வந்தவர் இவர். ஜெபசிங். மீதியை நான் சொல்ல வேண்டாம், நீங்களே போட்டுக்கொள்ளுங்க. எங்க அப்பா, "இனி இந்தத் தெருப்பக்கம் உன் நிழல் விழக்கூடாது" என்றார். விழவில்லை, இன்றைக்கு வரை. இவர் வீட்டில், ஞானஸ்நானம் எடுத்தால் போதும் என்றார்கள். எடுத்தேன். எப்சிபாய் என்று பேர் வைத்தார்கள். தெரிந்துதான் எடுத்தாயா என்று கேட்காதீங்க. கல்யாணம் நடக்கவேண்டும், எடுத்தேன்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். கோயில் என்றால் சர்ச்சுதான், எங்க பக்கம் கோயில் என்றுதான் சொல்வது. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சேர்ந்தாற்போல் வாசிப்பார்கள். அது ஒரு முறைமை அக்கா. ஒருத்தரும் தடை சொல்வதில்லை. அந்த நேரத்தில் பாதிப் பேர் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுவார்கள், கிழவிகள் கொட்டாவி விடுவார்கள். எங்க ஓலை ரெண்டாவது ஞாயிறு வாசிக்கிறார்கள். நான் பொம்பளைகள் பக்கத்தில் கடைசிப் பாயில், முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முன்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "எனக்குத் தடை இருக்கு ஐயரே" என்றாள்.

அவள்தான். லீதியாள். பெரியம்மா என்று ஊரே கூப்பிடும். பாசத்தில் இல்லை, பயத்தில். இதுவரைக்கும் எத்தனையோ ஐயர்மாரை மாற்றலாகி ஓட வைத்தவள் என்பார்கள்.

"அந்தப் பிள்ளை கல்யாணத்துக்காவ முழுகினவ. கர்த்தருக்காவ முழுகல. பரமண்டல ஜெபம் சொல்லச் சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

ஐயர், "அத அப்புறமாப் பேசிக்கலாம் பெரியம்மா" என்றார். "அப்புறம் எதுக்கு? தடை சொல்லச் சொல்லி இப்பதான கேட்டீரு" என்றாள். கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கிறது அக்கா. நான் எழுந்து நின்றேன். முதல் வரி வந்தது. அதற்குமேல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தெரியாது என்பது பாதி, பயம் பாதி. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யார் என்று இன்றைக்கு வரை தெரியாது. தெரிந்தால் அவளுக்கும் மீன்குழம்பு கொடுத்திருப்பேன். அது ஏன் என்று சொல்கிறேன்.

கல்யாணம் நின்றுபோனது. பந்தல்காரனுக்குச் சொல்லி, சமையலுக்குச் சொல்லி, எல்லாம் நின்றுபோனது. நான் எல்லாம் படித்துச் சபைக் கமிட்டி முன்னால் ஒப்பித்த பிறகுதான் கல்யாணம் என்று முடிவாயிற்று. அப்பா வீட்டுக் கதவும் அடைத்தாயிற்று, கோயில் கதவும் அடைத்தாயிற்று. இவருடைய அக்கா வீட்டில், அடுப்படிக்குப் பக்கத்தில், எந்தக் கணக்கிலும் இல்லாத ஆளாக நான் கிடந்தேன். அந்த அக்காவுடைய மாமியார் என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளை இன்னும் போகலையா?" என்று தினமும் கேட்கும். எங்கே போக?

படித்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். அவர்கள் கேட்டது ஒரு ஜெபமும் பத்துக் கற்பனையும் விசுவாசப் பிரமாணமும்தான். நான் அதோடு விடவில்லை. உரல் இடிக்கும்போது படித்தேன், தோசைக்கு ஆட்டும்போது படித்தேன். அவள் என்ன கேட்டாலும் பதில் சொல்லவேண்டும் என்று படித்தேன். கமிட்டிக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒப்பித்து முடித்தேன். அவள் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "ம். மூச்சு விட்டுச் சொல்லணும், ரயிலா புடிக்கப் போற?" என்றாள். அவ்வளவுதான். ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் கோயிலில் கொண்டாடுகிற அறுப்பின் பண்டிகை கழித்துக் கல்யாணம் நடந்தது. வாடகைக்கு வீடு எங்கே கிடைத்தது என்று நினைக்கிறீங்க? அவள் வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரே ஒரு மதில். அதுவும் என் நெஞ்சு உயரம்தான். காலையில் பல் விளக்கக் கிணற்றடிக்குப் போனால் மதிலுக்கு மேலே அவள் தலை தெரியும். "எம்மா முப்பிடாதி" என்றுதான் கூப்பிடுவாள். அவள்தானே தடை சொல்லிப் படிக்கவைத்தாள், இப்போது பேரையாவது மாற்றிச் சொல்லக்கூடாதா?

பிள்ளை பிறந்தபோது எனக்குத் துணைக்கு ஆள் இல்லை. எங்க அம்மாவை அப்பா விடவில்லை. இவருக்கு அம்மா இல்லை. பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவேன். மதிலுக்கு மேலே இருந்து ஏச்சு விழும். "ஏட்டி, தலையத் தாங்கிப் பிடி. கருவாட்டையா அலசுத? காதுல தண்ணி போவுது பாரு. அப்படி இல்ல, கவுத்துப் போடு. கவுத்துப் போடுன்னா கேக்குதா?" தினமும் அக்கா. ஒரு நாள் விடமாட்டாள். நான் குளிப்பாட்டுகிற நேரம் தெரிந்து வந்து நிற்பாள், ஏசுவதற்கென்றே. ஒரு தடவை பாப்பாவுக்குச் சளி. சாதாரணச் சளி என்று நான் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் மதிலைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாகவே வந்துவிட்டாள். "பிள்ளைக்கு நெஞ்சுக்கூடு உள்ள இழுக்குதே, உனக்குக் கண்ணு பொட்டையா? தூக்கிட்டு ஓடு" என்று தெருவே கேட்கக் கத்தினாள். ஒரு தாயைப் பார்த்து இப்படியா பேசுவது? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்றார் டாக்டர். அது வேறு விஷயம். பேசின பேச்சு பேசினதுதானே.

இப்படி இருக்கும்போதுதான் லெந்து என்கிற நோன்பு நாட்களில் ஒரு ஞாயிறு ஐயர் பிரசங்கம் பண்ணினார். சிநேகிதரை நேசிப்பதில் என்ன பெருமை, அதை எவனும் செய்வான் என்றார். பிடிக்காதவர்களை நேசிக்கவேண்டும் என்றார். விரோதி பசியாய் இருந்தால் சோறு போடு, தாகமாய் இருந்தால் தண்ணீர் கொடு. அப்படிச் செய்தால் அவன் தலைமேல் நெருப்புத் தணலை அள்ளிக் குவித்த மாதிரி என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தணலா? இது இத்தனை நாளாக எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. அதற்குமேல் ஐயர் என்ன சொன்னாரோ கேட்கவில்லை. பாப்பா அழுதாள், வெளியே தூக்கிக்கொண்டு போய்விட்டேன். உள்ளே வரும்போது காணிக்கைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வேண்டிய மட்டும் கேட்டாயிற்று. அன்றைக்கே ஆரம்பித்தேன்.

சாளை மீன் வாங்கி, தேங்காய் அரைத்து, குழம்பு வைத்தேன். மதிலுக்கு மேலே நீட்டினேன். "என்னது?" என்றாள். "குழம்பு பெரியம்மா." "எதுக்கு?" என்றாள். எதுக்கு என்று சொல்ல முடியுமா? "சும்மாதான்" என்றேன். வாங்கிக்கொண்டாள். நான் உள்ளே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எரிகிறதா, முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று. அவள் நன்றாக உட்கார்ந்து முள்ளு முள்ளாய் எடுத்து வைத்துத் தின்றாள். சாயங்காலம், "புளி தூக்கலா இருக்கு" என்றாள்.

அடுத்த ஞாயிறு புளியைக் குறைத்தேன். ருசியாய் இருந்தால்தானே தணல் சரியாக விழும்? "உறைப்பு இல்ல" என்றாள். மிளகாயைக் கூட்டினேன். அவளுக்கு ஒரு பக்கம் பல் இல்லை, கறி என்றால் பொடிசாய் நறுக்கவேண்டும். வாழைக்காய் ஆகாது, வாயு. முருங்கைக்கீரை என்றால் ஒரு கரண்டி சோறு கூடுதலாக இறங்கும். எல்லாம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். எங்க வீட்டுக்காரர் கேட்டார், "எனக்கு என்ன புடிக்கும்னு என்னைக்காவது இப்படி யோசிச்சிருக்கியா?" நீங்க என்ன விரோதியா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் அக்கா, அன்றைக்குக் கோயிலில் தலைகுனிந்து நின்றவர் அவரும்தானே. எனக்கு மட்டும் கோபம் இல்லையா? கோபம் இருக்கிறதால்தானே சமைக்கிறேன்.

பாத்திரம் திரும்பி வருமே, அதைச் சொல்லவேண்டும். எங்க பக்கம் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். ரெண்டு கறிவேப்பிலையாவது போட்டுத்தான் தருவார்கள். இவள் ஒரு நாளும் ஒன்றும் போட்டுத் தந்தது கிடையாது. ஆனால் பாத்திரத்தைத் தேய்த்திருப்பாள் பாருங்க, அடியில் முகம் தெரியும். கடையில் வாங்கினபோதுகூட அப்படிப் பளபளத்ததில்லை. என்ன கொழுப்பு இருந்தால் அப்படித் தேய்ப்பாள்? நான் சரியாக விளக்குவதில்லையாம், அதைக் காட்டுகிறாளாம்.

மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிறு குழம்பு கொடுத்தேன். வழக்கமாகச் சாயங்காலமே பாத்திரம் மதிலில் இருக்கும். அன்றைக்கு இல்லை. மறுநாள் காலையிலும் இல்லை. சரி, இப்போது பாத்திரத்தையும் வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாளா, இதை விடக்கூடாது என்று பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு சண்டைக்குத்தான் போனேன். கிணற்றடியில் கிடந்தாள். சாயங்காலம் மழை விடாததால் விடிந்ததும் பாத்திரம் விளக்க வந்திருக்கிறாள், பாசி வழுக்கிவிட்டது. மழையில் நனைந்து கிழிந்த துணி மாதிரிக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் என்ன சொன்னாள் என்று நினைக்கிறீங்க? "வாரதுக்கு இம்புட்டு நேரமா?" என்றாள். நான் வருவேன் என்று அவள் எப்படி நினைக்கலாம்? அதைக் கேட்க நேரம் இல்லை. ஆளைக் கூட்டி, இங்கே கொண்டுவந்து, இடுப்பில் பிளேட் வைத்து, அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

பெண்கள் சங்கத்திலிருந்து வந்தார்கள், பார்த்தீங்கல்ல, ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக. கண்ணீர் விட்டு ஜெபம் பண்ணினார்கள். "யாராவது ஒருத்தர் முறை போட்டு வந்து உக்காந்தா நான் பிள்ளைய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்ச் சோறு ஊட்டிட்டு வருவேன்" என்று நான்தான் கேட்டேன். என் வாயால் கேட்டேன், நானே ஆச்சரியப்பட்டேன். ஒருத்திக்கு மருமகள் பேறுகாலம், ஒருத்திக்கு ரத்த அழுத்தம். ஒருத்தி மட்டும் உண்மையைச் சொன்னாள். "அவ வாய்க்கு யாருடி வருவா?" என்றாள்.

நேற்று ஐயர் வந்தாரே, வராந்தாவில் என்னோடு பேசிக்கொண்டிருந்தாரே, அது இல்லத்து விஷயம்தான். "நல்ல இடம்மா, சுத்தமா இருக்கும், நர்ஸ் உண்டு" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஐயா, நீங்க அன்னைக்குச் சொன்னீங்களே, பிடிக்காதவங்கள நேசிக்கணும்னு" என்றேன். "ஆமாம்மா. நேசிக்கிறது வேற, வீட்டுல வச்சுப் பாக்கிறது வேற" என்றார்.

"அப்ப அதையும் சேத்துச் சொல்லியிருக்கலாமே ஐயா, நான் பாதியிலயே நிறுத்தியிருப்பேனே" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தணல் இன்னும் விழவில்லை என்பதையும் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும், "அதுக்கு அர்த்தம் வேறம்மா" என்று ஆரம்பித்தார். அர்த்தம் என்னவோ இருந்துவிட்டுப் போகட்டும் ஐயா, இவ்வளவு தூரம் செய்துவிட்டேன், இனிமேல் அர்த்தம் மாறினால் என் பிழைப்பு என்ன ஆவது என்று கேட்டுவிட்டேன். ஐயரிடம் அப்படிப் பேசலாமா? பேசிவிட்டேன்.

நீங்க சொல்லுங்க. கோயிலில் அத்தனை பேர் முன்னால், இவளுக்கு விசுவாசம் இல்லை என்று சொன்னவள் இவள். இப்போது ஒரு வேனில் ஏற்றி எங்கேயோ அனுப்பிவிட்டால் அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோகாதா? இருக்கிறதா இல்லையா என்று தினமும் என் வீட்டில் இருந்து பார்க்கட்டும். காலையில் பார்க்கட்டும், மத்தியானம் பார்க்கட்டும். அவளை நான் அவ்வளவு லேசில் விடுவேனா?

காலையில் இவருக்கு போன் போட்டேன். "கூட்டிட்டு வாறேன்" என்றேன். "நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?" என்றார். "இருக்கு. ஒர்க்‌ஷாப்ல படுக்கணும்னா பழைய பாயக் கொண்டுபோங்க, புதுப் பாய் நமக்கு வேணும். கட்டில்ல அவங்கதான் படுக்கணும், கீழ படுத்தா எந்திரிக்க முடியாது" என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை எதிர்த்து நான் பேசினதில்லை அக்கா. போனை வைத்துவிட்டார்.   கோபத்தில் வராமல் இருந்தால் இருக்கட்டும். ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று. இந்த வார்டு ஆயாவின் தம்பிதான், வாசலில் நிற்கிறான்.

அவளிடமும் சொன்னேன். அவள்தான் ரொம்பத் துள்ளினாள். "ஐயர் சொன்ன எடத்துக்கே போறேன். உன் கஞ்சியக் குடிச்சு நாக்குச் செத்துப்போச்சு. உன் புருசன் மொகத்துல முழிச்சுக்கிட்டு என்னால கெடக்க முடியாது" என்றாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கிடந்தாள். அழுகை என்று நினைக்காதீங்க, அவளாவது அழுவதாவது. இந்த ஃபேன் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதனால்தான் முந்தானையால் தலையைச் சுற்றிவிட்டேன்.

அதோ, வண்டிச் சத்தம். வருகிறாள். முகத்தைப் பாருங்க, எக்ஸ்ரேக்காரனோடு சண்டை போட்டிருப்பாள்.

பாப்பாவைக் கொஞ்சம் பிடிங்க அக்கா. இப்படி, தோளில் சாய்த்துக்கொண்டால் பேசாமல் இருப்பாள்.

"வாங்க பெரியம்மா. பிளேட்டு சரியா இருக்காமா? நல்லது. துணியெல்லாம் கட்டிட்டேன், கிளம்பலாம். வேன்லாம் வராது, ஐயர்ட்ட வேண்டாம்னு சொல்லிருதேன். நம்ம வீட்டுக்குத்தான். யாரக் கேட்டா? ஒருத்தரையும் கேக்கல. ஆமா, உங்களையும் கேக்கல. என்னையப் புடிக்கலேன்னா புடிக்காமலே இருங்க, எனக்கு மட்டும் உங்களப் புடிச்சா இருக்கு? கைய என் தோள்ல போடுங்க. அந்தக் கை இல்ல, இந்தக் கை. நல்ல காலை முதல்ல ஊணுங்க. ஏசணும்னா ஆட்டோல ஏறிக்கிட்டு ஏசுங்க, ஊர் போய்ச் சேர நேரம் நெறைய கெடக்கு."